மூடுபனியில் ஏழு ஓசைகள்

கலங்கரை விளக்கத்தைப் படம் எடுக்காதவர் இல்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு தாழ்வான கட்டடம் இருக்கும். கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ ஓர் இரும்பு எக்காளம் கடலைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்கும். அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குளிர்நாட்டுக் கரைகளில் விளக்குக்கு இருந்த மரியாதை அந்த எக்காளத்துக்கும் ஒரு காலத்தில் இருந்தது. மூடுபனி இறங்கிவிட்டால் இருபது மைல் எட்டும் விளக்கும் அரை மைல் தாண்டாது. அதன்பிறகு கரை கப்பலோடு பேச ஒரே வழி சத்தம்தான்.

நான் வணிகக் கப்பல்களில் அதிகாரியாக இருந்தபோது பயன்படுத்திய பிரிட்டிஷ் அட்மிரால்டி வரைபடங்களில், விளக்கின் குறிக்குப் பக்கத்தில் சுருக்கமாக ஒரு சொல் அச்சாகியிருக்கும். எக்ஸ்ப்ளோஸ், டயா, சைரன், ஹாரன், பெல், விஸ், கோங். மொத்தம் ஏழு. வெடி, டயாஃபோன், சைரன், ஹாரன், மணி, விசில், கோங் என்று விரித்துக்கொள்ளலாம். கரையில் இருப்பவருக்கு இதெல்லாம் ஒரே சங்கதி, பெரிய சத்தம். எங்கள் தூத்துக்குடியில் மில்லில் ஊதினாலும் சங்கு, முனிசிபாலிட்டியில் ஊதினாலும் சங்கு, துறைமுகத்தில் கப்பல் ஊதினாலும் சங்குதான். ஆனால் முன்னால் ஒன்றும் தெரியாமல் ஒரு கரையை நெருங்கும் கப்பல்காரனுக்கு, காதில் விழுந்தது சைரனா டயாஃபோனா என்பது, தான் எந்த ஊருக்கு முன்னால் இருக்கிறோம் என்ற கேள்விக்கான விடை.

அதனால்தான் 'தி மாரினர்ஸ் ஹேண்ட்புக்' என்ற அட்மிரால்டி கையேட்டில் இவை ஒவ்வொன்றுக்கும் இலக்கணம் எழுதி வைத்திருந்தார்கள். டயாஃபோன் அழுத்தக் காற்றால் எழும் கனத்த, தாழ்ந்த குரல்; முடியும்போது பெரும்பாலும் சட்டென்று இன்னும் கீழே இறங்கி ஓர் உறுமலோடு நிற்கும். அந்த உறுமலுக்கே தனிப்பெயர் உண்டு, 'கிரன்ட்'. சேற்றிலிருந்து எழும் எருமை முக்குவதுபோல் இருக்கும். சைரனும் அழுத்தக் காற்றுதான், ஆனால் வகைக்கு வகை குரலும் பலமும் மாறும். ஹாரன், தகடு ஒன்றைக் காற்றாலோ மின்சாரத்தாலோ அதிரவைத்து எழுப்புவது. ரீட் என்று ஒன்றும் இருந்தது. மெலிந்த, உயர்ந்த குரல். மிதவைகளில் தொங்கும் மணியும் விசிலும் அலை ஆட்டினால்தான் ஒலிக்கும், ஆகவே ஒழுங்கான இடைவெளியை அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது. அகராதி எழுதுகிறவர்கள் இவ்வளவு கவனமாக இருந்திருப்பார்களா என்பது சந்தேகம். அவர்கள் தப்பாக எழுதினால் யாரும் மூழ்கிவிடப் போவதில்லை.

சத்தத்தைப் பெரிதாக எழுப்புவது மனிதனுக்குச் சீக்கிரமே கைவந்துவிட்டது. இந்தச் சத்தம் வேறு, அந்தச் சத்தம் வேறு என்று கேட்பவனுக்கு ஐயமில்லாமல் காட்டுவதுதான் இழுத்தடித்தது. பனிச்சங்கின் வரலாறு முழுக்க அந்த இழுபறிதான்.

இதில் எனக்கு ஓர் அசௌகரியம் இருந்தது. மூடுபனியையே பார்க்காத ஊரில் பிறந்தவன் நான். மார்கழி விடியலில் உப்பளத்தின் மேல் கொஞ்சம் புகைபோலப் படியும், வெயில் ஏறியதும் போய்விடும். கடல் மூடுபனி அப்படிப்பட்டதல்ல. ஈரமான வெதுவெதுப்புக் காற்று குளிர்ந்த நீரின் மேல் வரும்போது அது பிறக்கிறது. லாப்ரடார் நீரோட்டத்தின் குளிரும் வளைகுடா நீரோட்டத்தின் வெப்பமும் மோதும் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கடலில், கிராண்ட் பேங்க்ஸ் என்ற மீன்பிடித் திட்டின் மேல், நாள் கணக்கில் விலகாது. காற்று அடித்தாலும் போகாது. முதன்முதலில் அதற்குள் நுழைந்தபோது கப்பலின் முன்முனையான அணியமே என் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த மாதிரி இடங்களில்தான் இந்தத் தொழில் பிறந்தது.

முதலில் வந்தது பீரங்கி. பாஸ்டன் துறைமுக வாயிலில் லிட்டில் புரூஸ்டர் தீவில் 1716-இல் விளக்கு ஏற்றினார்கள். 1719-இல் அதன் பக்கத்தில் ஒரு பீரங்கியை வைத்தார்கள். மூடுபனியில் வரும் கப்பல் சுட்டால் கரை பதிலுக்குச் சுடும். அமெரிக்கக் கரையில் முதல் பனிக்குறி அதுதான்.

பீரங்கியின் சங்கடம் மேற்குக் கரையில் வெளிப்பட்டது. கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தேடி ஓடிய கப்பல்கள் சான் பிரான்சிஸ்கோ வாயிலில் பாறையில் ஏறிக்கொண்டிருந்த காலம். 1855-இல் பாயின்ட் போனிட்டாவில் ராணுவத்தின் பழைய பீரங்கி ஒன்றை நிறுத்தி, எட்வர்ட் மலோனி என்ற ஓய்வுபெற்ற சார்ஜெண்டை வேலைக்கு வைத்தார்கள். மூடுபனி இருக்கும்வரை அரை மணிக்கு ஒரு வெடி. மாற்று ஆள் கிடையாது. சான் பிரான்சிஸ்கோவின் மூடுபனியோ விலகும் வகையல்ல. மூன்று நாளில் இரண்டு மணி நேரம்தான் தூங்கினேன், ஐந்து நிமிடம் மாற்றிவிடக்கூட ஆள் இல்லை என்று அவர் மேலிடத்துக்கு எழுதினார். சில ஆண்டுகளிலேயே பீரங்கியை ஓரங்கட்டிவிட்டு மணி வைத்தார்கள். காரணம் மலோனியின் தூக்கமல்ல, வெடிமருந்துச் செலவு.

தூக்கமும் பணமும் ஒருபுறம் இருக்கட்டும். வெடிச்சத்தம் கண நேரத்தில் முடிந்துவிடுகிறது. எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தலையைத் திருப்புவதற்குள் போய்விடும். அடுத்த வெடி வர அரை மணி ஆகும். பத்து நாட் வேகத்தில் போகும் கப்பல் அதற்குள் ஐந்து மைல் போயிருக்கும்.

மணிக்குப் பழைய வரலாறு உண்டு. ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால் இஞ்ச்கேப் என்ற பாறை, ஓதம் ஏறினால் முழுக்க மூழ்கிவிடும். ஆர்ப்ரோத் மடத்துத் துறவி ஒருவர் அதில் மணி கட்டினார், ஒரு கடற்கொள்ளையன் அதை அறுத்தான், பிறகு அதே பாறையில் அவனே மோதிச் செத்தான் என்று கதை. பாறைக்கு பெல் ராக் என்ற பெயர் இப்படித்தான் வந்தது என்பார்கள். ராபர்ட் ஸ்டீவன்சன் அங்கே எழுப்பிய கலங்கரை விளக்கம் 1811 பிப்ரவரியில் எரியத் தொடங்கியபோது, விளக்கைச் சுழற்றும் பொறியே மூடுபனியில் மணிகளையும் அடிக்கும்படி அமைத்திருந்தார்கள். கதையில் வந்த மணியைப் பொறியியல் திரும்பக் கொண்டுவந்தது.

பொறி ஓடும்வரை சரி. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் ஏஞ்சல் தீவின் பாயின்ட் நாக்ஸ் நிலையத்தைத் தனியாகக் காத்தவர் ஜூலியட் நிகோல்ஸ் என்ற பெண்மணி. 1906 ஏப்ரலில் நிலநடுக்கத்துக்குப் பிறகு நகரம் எரிந்ததை அந்தத் தீவிலிருந்தே பார்த்தவர். அதே ஆண்டு ஜூலை தொடக்கத்தில் மூடுபனி உள்ளே வந்தபோது மணி அடிக்கும் பொறி பழுதாகி நின்றது. சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டு 15 விநாடிக்கு ஒருமுறை மணியை அடித்தார், 20 மணி 35 நிமிடம். இரண்டு நாள் கழித்துப் பொறி மறுபடி நின்றது. மறுபடி இரவெல்லாம் நின்று அடித்தார். கடற்கரைப் பணிகளின் வரலாற்றில் பதக்கம் வாங்கிய எத்தனையோ பேரைப் படித்திருக்கிறேன். என் கணக்கில் இந்த அம்மாள்தான் முதல் வரிசை. அந்த 15 விநாடி தவறக் கூடாது என்பதுதான் அங்கே முக்கியம். இருபது விநாடிக்கு ஒன்றாக அடித்தால் அது வேறு இடத்து மணி.

மணியின் குரல் இனிமையானது, ஆனால் தூரம் போகாது. அதிலும் காற்று எதிராக இருந்தால் ஒரு மைலுக்குள் செத்துவிடும். ஆகவே காற்றையும் நீராவியையும் நாடினார்கள். செலடன் டபோல் என்ற கனெக்டிகட்காரர் காற்றை அழுத்தி, நாக்குத் தகடு வைத்த எக்காளத்துக்குள் செலுத்தினார். ரோட் தீவின் பீவர்டெயில் முனையில் 1850-களின் தொடக்கத்தில் அதை நிறுவியபோது காற்றை அழுத்தியது ஒரு குதிரை. மூடுபனி வந்தால் குதிரையைப் பூட்டி நடத்த வேண்டும். கடல் பாதுகாப்பில் குதிரைக்குப் பங்கு இருந்ததை நம் கப்பல் பயிற்சிப் பள்ளிகளில் யாரும் சொல்லித் தரவில்லை.

கனடாவின் செயின்ட் ஜான் நகரில் ராபர்ட் ஃபவுலிஸ் என்பவர் இருந்தார். ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர், ஓவியர், பொறியாளர், கை வைக்காத தொழில் இல்லை. மூடுபனி இரவில் வீட்டுக்கு நடந்து வரும்போது மகள் பியானோ வாசிப்பது கேட்டதாம். உயர்ந்த சுரங்கள் கரைந்துபோக, தாழ்ந்த சுரங்கள் மட்டும் காதை எட்டினவாம். மகள், பியானோ எல்லாம் பின்னால் சேர்த்த அலங்காரமாக இருக்கலாம், விஷயம் உண்மை. உயர்ந்த அதிர்வுகளைக் காற்று சீக்கிரம் உறிஞ்சிவிடும், தாழ்ந்தவை தாக்குப்பிடிக்கும். 1859-இல் பார்ட்ரிட்ஜ் தீவில் அவர் யோசனைப்படி நீராவியால் ஊதும் பனிவிசில் வந்தது, உலகில் முதலாவது. காப்புரிமை வாங்கவில்லை. பெயரை இன்னொருவர் தட்டிக்கொண்டு போகப் பார்த்தார். கண்டுபிடித்தவர் ஃபவுலிஸ்தான் என்று சட்டமன்றம் ஒப்புக்கொண்ட பிறகும் கையில் காசு வரவில்லை. 1866-இல் வறுமையில் இறந்தார்.

அதற்கு இரண்டு ஆண்டு கழித்து நியூயார்க் வாயிலில் சாண்டி ஹூக்கில் நீராவி சைரன் வந்தது. துளையிட்ட தட்டு ஒன்று சுழன்று நீராவியைத் துண்டு துண்டாக வெட்டி வெளியேற்ற, எக்காளம் அதைப் பெருக்கும். அதுவரை கேட்ட எதையும்விட பலம். இனி மூடுபனியை வென்றுவிட்டோம் என்று கடலோர வாரியங்கள் நினைத்தன.

இங்கேதான் ஜான் டிண்டால் வருகிறார். (எங்கள் கப்பல்களில் டெக் ஊழியர்களில் செராங்குக்கு அடுத்தவரை டிண்டல் என்போம். அவருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) மைக்கேல் ஃபாரடேவுக்குப் பிறகு இங்கிலாந்தின் கலங்கரை விளக்கங்களைக் கவனிக்கும் டிரினிட்டி ஹவுஸுக்கு அறிவியல் ஆலோசகர். 1873 மே மாதம் டோவர் அருகே சவுத் ஃபோர்லாண்ட் சுண்ணாம்புப் பாறை முகட்டில் எக்காளம், விசில், பீரங்கி எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தினார். பின்னால் அமெரிக்காவிலிருந்து வந்த சைரனும் சேர்ந்தது. படகில் ஏறிக் கடலுக்குள் போய், எது எத்தனை மைல் கேட்கிறது என்று மாதக்கணக்கில் கணக்கெடுத்தார்.

நல்ல வெயில் நாளில் தூரம் கேட்கும், மூடுபனி சத்தத்தை விழுங்கும் என்பதுதான் அதுவரை எல்லோரும் நம்பியது. வில்லியம் டெரம் என்ற பாதிரியார் 1708-இல் அப்படி எழுதி வைத்துவிட்டார், அதன்பிறகு வந்தவர்கள் அதையே திருப்பிச் சொன்னார்கள். ஜூலை 3-ஆம் தேதி அந்த நம்பிக்கை விழுந்தது. காற்றில்லாத, வெயில் கொளுத்தும், கண்ணாடிபோலத் தெளிந்த பகல். மூன்று மைலுக்குள்ளேயே பாறை முகடு பளிச்சென்று தெரிகிறது. பீரங்கியின் புகை எழுவதும் தெரிகிறது. சத்தம் மட்டும் வரவில்லை. பிற்பகலில் ஒரு மேகம் சூரியனை மறைத்தது. சத்தம் திரும்பி வந்தது.

அந்த டிசம்பரில் லண்டனைக் கனத்த மூடுபனி மூடியபோது, ஹைட் பார்க்கின் செர்பென்டைன் ஏரிக்கரையில் விசிலையும் மணியையும் வைத்துச் சோதித்தார். மூடுபனிக்குள் சத்தம் தெளிவாகவே போனது. மூடுபனி விலகிய பிறகுதான் குறைந்தது. ஆக, கண்ணுக்குத் திரையாக இருப்பது காதுக்குத் திரை அல்ல. காற்றில் வெப்பமும் ஈரமும் ஒட்டுத்துணிபோல மாறி மாறி இருப்பதால் கண்ணுக்குத் தெரியாத மேகங்கள் உண்டாகின்றன, அவை சத்தத்தைத் திருப்பி எறிகின்றன என்று அவர் விளக்கினார். அமெரிக்க கலங்கரை விளக்க வாரியத்தின் தலைவராக இருந்த ஜோசப் ஹென்றி அதை ஏற்கவில்லை. உயரத்துக்கு உயரம் காற்றின் வேகம் மாறுவதால் சத்தத்தின் பாதை வளைந்து கேட்பவன் தலைக்கு மேலே போய்விடுகிறது என்றார். மான்செஸ்டரின் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸும் அந்தப் பக்கம். பெரிய மனிதர்கள் கொஞ்சம் காரமாகவே மோதிக்கொண்டார்கள். பிற்கால இயற்பியல் ஹென்றியின் பக்கம்தான் அதிகம் சாய்ந்தது.

கப்பல்காரனுக்கு இந்தச் சண்டையின் பலன் ஒரே எச்சரிக்கைதான், அது இன்றுவரை கையேடுகளில் இருக்கிறது. பனிக்குறி கேட்கவில்லை என்பதால் நீ தூரத்தில் இருக்கிறாய் என்று எண்ணாதே. பலமாகக் கேட்கிறது என்பதால் அருகில் இருக்கிறாய் என்றும் எண்ணாதே. கேட்கும் திசையையும் நம்பாதே. சத்தத்தின் பலத்தில் நம்பிக்கை வைக்க முடியாது என்று ஆன பிறகு மிஞ்சியது அதன் அடையாளம் மட்டும்தான்: எந்த வகைக் குரல், எத்தனை ஊதல், எத்தனை விநாடிக்கு ஒருமுறை.

அடையாளத்தில் டயாஃபோனை மிஞ்ச ஒன்று வரவில்லை. சினிமா தியேட்டர் ஆர்கன்களைச் செய்த ராபர்ட் ஹோப்-ஜோன்ஸின் யோசனை அது. டொரண்டோவின் ஜான் நார்த்தி அதைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றி 1903-இல் காப்புரிமை பெற்றார். துளையுள்ள உந்துதண்டு ஒன்று உருளைக்குள் முன்னும் பின்னும் பாய்ந்து காற்றை வெட்டும். கனடாவின் கரைகளும் அமெரிக்காவின் பெருஏரிகளும் அதன் குரலில்தான் அரை நூற்றாண்டுக்கு மேல் பேசின.

இதற்குள் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் அட்டவணை வந்துவிட்டது. இத்தனை விநாடி ஊதல், இத்தனை விநாடி மௌனம், இத்தனை விநாடிக்கு ஒரு சுற்று. எல்லாம் அட்மிரால்டியின் விளக்குகள், பனிக்குறிகள் பட்டியலில் அச்சாகும். ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் ஒத்துப் பார்ப்போம். நிலையத்துக் காவலாளிக்கு அது வேறு வாழ்க்கை. கரையில் ஏதோ ஓர் அடையாளம், ஒரு பாறையோ தீவோ, கண்ணுக்கு மறைந்தால் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். தொட்டியில் காற்றழுத்தம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு மூடுபனி போகும்வரை முறை வைத்து விழித்திருக்க வேண்டும். ஊதலுக்கு நடுவே வாக்கியத்தை நிறுத்தி, ஊதல் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும் பழக்கம் அந்தக் குடும்பங்களில் எல்லோருக்கும் படிந்துவிடும். மூடுபனி இல்லாத ஊரிலும் அப்படியே பேசுவார்களாம்.

இதுவரை சொன்னது கரை கப்பலோடு பேசியது. கப்பல் கப்பலோடு பேசுவது இன்னும் சிக்கல். கரை நகராது.

1863-இல் பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து வகுத்த விதிகளில், மூடுபனியில் நீராவிக் கப்பல் விசில் ஊத வேண்டும், பாய்க்கப்பல் ஹாரன் ஊத வேண்டும், நங்கூரமிட்ட கப்பல் மணி அடிக்க வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது. கருவியை வைத்தே ஆளை அடையாளம் காட்டும் ஏற்பாடு. பிற்பாடு பாய்க்கப்பலுக்கு இன்னும் நுணுக்கம் வந்தது. வலப்பக்கம் காற்று வாங்கினால் ஓர் ஊதல், இடப்பக்கம் வாங்கினால் இரண்டு, காற்று பின்னாலிருந்தால் மூன்று. எந்தப் பக்கம் அவனால் திரும்ப முடியும், எந்தப் பக்கம் முடியாது என்று கேட்பவன் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கிராண்ட் பேங்க்ஸில் காட் மீன் பிடித்த பாய்க்கப்பல்களில் ஒரு வழக்கம். தாய்க் கப்பலிலிருந்து டோரி என்ற சிறு படகுகளில் ஒருவரோ இருவரோ தூண்டில் போடக் கிளம்புவார்கள். மூடுபனி மூடினால் தாய்க் கப்பலைத் தேடிப் பிடிக்க வேண்டும். டோரிக்குள் தகர ஹாரனோ, மேற்கிந்தியத் தீவுக் கடலின் பெரிய சங்கோ இருக்கும். நுனியை அறுத்த அந்தச் சங்கை வாயில் வைத்து ஊதுவார்கள். தூத்துக்குடிக்காரனுக்கு இதைப் படித்தபோது ஒரு பொறாமை வந்தது. எங்கள் மன்னார் வளைகுடாவில் முத்துக்கு அடுத்தபடி சங்கு குளிப்பது பரம்பரைத் தொழில். எடுத்த சங்கு கோயிலுக்குப் போனது, வளையல் அறுக்க வங்காளத்துக்குப் போனது.

1914 மே 29, அதிகாலை 2 மணி வாக்கில், கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றுமுகத்தில் எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து என்ற பயணிகள் கப்பலும் ஸ்டோர்ஸ்டாட் என்ற நார்வே நிலக்கரிக் கப்பலும் ஒன்றின் விளக்கை மற்றொன்று பார்த்தன. அடுத்து மூடுபனி நடுவே வந்து விழுந்தது. பயணிகள் கப்பலின் கேப்டன் கெண்டல் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி மூன்று குறு ஊதல் கொடுத்தார், நான் பின்னோக்கி இயக்குகிறேன் என்று பொருள். எதிரிலிருந்து நீண்ட ஊதல் கேட்டது. பிறகு இரண்டு நீண்ட ஊதல் கொடுத்தார், நின்றுவிட்டேன் என்று பொருள். விதிப்படி எல்லாம் சரி. ஆனால் சில நிமிடங்களில் ஸ்டோர்ஸ்டாட்டின் அணியம் மூடுபனியைப் பிளந்துகொண்டு வந்து விலாவில் ஏறியது. 14 நிமிடத்தில் கப்பல் மூழ்கியது. 1,012 பேர் இறந்தார்கள். கனடாவின் விசாரணையில் நார்வேக் கப்பல் மீது பழி. நார்வேயின் விசாரணையில் பயணிகள் கப்பல் மீது பழி. இரு கப்பலும் ஊதியது உண்மை, இரு கப்பலும் கேட்டதும் உண்மை. கேட்ட சத்தத்தோடு, மூடுபனிக்கு முன் கண்ட விளக்கை வைத்து மனத்தில் போட்ட கோட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கோடுகள் ஒத்துப்போகவில்லை.

இதையெல்லாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது சென்னையில், வியர்வை வழியும் அறையில். இரண்டாம் மேட் தகுதிக்கான வாய்மொழித் தேர்வில் கடல் போக்குவரத்து விதிகளை வரி பிசகாமல் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பாடம் எடுத்த ஒரு முதிய கேப்டன், பையன்கள் யாராவது 'லாங் பிளாஸ்ட்' என்று சொன்னால் கையை உயர்த்தி நிறுத்துவார். "தம்பி, உன் புஸ்தகத்தில லாங் எங்கடா இருக்கு? புரொலாங்டு! நாலு முதல் ஆறு செகண்டு. ஷார்ட்டுன்னா ஒரு செகண்டு. நடுவில வேற ஒண்ணும் கிடையாது." 1972-இல் வகுக்கப்பட்டு இன்றும் நடப்பில் இருக்கும் சர்வதேச விதிகளில் உண்மையிலேயே இந்த இரண்டு ஊதல்தான். மூன்று விநாடி ஊதினால் அதற்குப் பெயரே இல்லை.

அந்த இரண்டை வைத்துக்கொண்டு எவ்வளவு சொல்லிவிடுகிறார்கள் பாருங்கள். மூடுபனியில் ஓடும் எந்திரக் கப்பல் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு நெடு ஊதல். ஓட்டமின்றி நின்றால் இரண்டு நெடு ஊதல், நடுவே இரண்டு விநாடி விட்டு. ஒரு நெடிலும் இரு குறிலும் என்றால் மீனவனோ, பாய்க்கப்பலோ, கட்டுப்பாடு இழந்த கப்பலோ, எப்படியும் எளிதில் விலக முடியாத ஒருவர். (குறில், நெடில் என்று நான் வைத்துக்கொண்டேன், அசை பிரித்துப் பழகிய தமிழ்ப் பையனுக்கு அப்படித்தான் நினைவில் நின்றது.) கண்ணுக்குத் தெரியும் கப்பலிடம் ஐந்து குறில் அடித்தால், நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். நடைமுறையில் அது நாகரிகமான திட்டு.

மணியில் இன்னும் நுணுக்கம். நங்கூரமிட்ட கப்பல் நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து விநாடி வேகமாக மணியை ஆட்ட வேண்டும். தரைதட்டிய கப்பலும் அதையே செய்ய வேண்டும், ஆனால் அதற்கு முன்னும் பின்னும் மூன்று தனித்தனி அடி. ஆட்டுவது வேறு, அடிப்பது வேறு. அந்த வித்தியாசத்தைத் தவறவிட்டவன் ஆழமான நீர் என்று நம்பி மணல்திட்டின் மேல் வருவான்.

கப்பல்கள் நீண்டதும் மணி போதவில்லை. அணியத்தில் மணி அடித்தால் கப்பலின் பின்பகுதியான கடையால் எங்கே முடிகிறது என்று மூடுபனியில் வருபவனுக்கு எப்படித் தெரியும்? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி விதிகளில் 350 அடிக்கு மேற்பட்ட கப்பல் கடையாலில் கோங்கும் அடிக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். இப்போது அந்த எல்லை 100 மீட்டர். கோங்கின் நாதத்தை மணியோடு குழப்பிக்கொள்ள முடியாதபடி இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. முன்னால் மணி, பின்னால் கோங், நடுவில் இரும்பு.

விசிலின் சுருதிக்கும் அளவு உண்டு. 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல் 70 முதல் 200 ஹெர்ட்ஸ். 75 மீட்டருக்குக் குறைந்தது 250 முதல் 700 ஹெர்ட்ஸ். பெரிய கப்பலின் விசில் ஒரு மீட்டர் தூரத்தில் 143 டெசிபல் இருக்க வேண்டும், கேட்கும் தூரமாக இரண்டு கடல் மைல் என்று வைத்திருக்கிறார்கள். மூடுபனியில் கனத்த குரல் கேட்டால் எதிரே பெரியவர் வருகிறார் என்று பார்க்காமலே தெரியும். ஃபவுலிஸின் தாழ்ந்த சுரம் இப்படிச் சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது.

ராடார் வந்த பிறகு சங்குக்கு வேலை இல்லை என்று பலர் நினைத்தார்கள். 1956 ஜூலை 25 இரவு நான்டக்கெட் தீவுக்கு அப்பால் ஆண்ட்ரியா டோரியாவும் ஸ்டாக்ஹோமும் மோதியபோது இரண்டிலும் ராடார் இருந்தது. இத்தாலியக் கப்பல் மூடுபனிக்குள் ஊதிக்கொண்டே வந்தது. ஸ்வீடன் கப்பல் தன்னைச் சுற்றி மூடுபனி இல்லை என்று ஊதாமல் வந்தது. 51 பேர் இறந்தார்கள்.

கரைச் சங்குகள் ஒவ்வொன்றாக அடங்கின. காவலாளிகள் போனார்கள், மின்சார ஹாரன்கள் வந்தன, ஜிபிஎஸ் வந்தது. ஸ்காட்லாந்து 2005-இல் தன் கடைசிப் பனிச்சங்கை ஸ்கெரிவோரில் நிறுத்தியது. 2013 ஜூன் மாதம் வட இங்கிலாந்தில் சவுத் ஷீல்ட்ஸ் கரையில் சௌட்டர் கலங்கரை விளக்கத்தின் பழைய சங்கோடு, பித்தளை வாத்தியக் குழுக்களும் கடலில் நின்ற ஐம்பதுக்கு மேற்பட்ட கப்பல்களின் விசில்களும் சேர்ந்து ஓர் இசை நிகழ்ச்சி நடத்தினார்கள். பெயர் 'ஃபாக்ஹாரன் ரெக்வியம்'. பக்கத்து வீட்டுத் தூக்கத்தைக் கெடுத்ததாக ஒரு காலத்தில் மனு வாங்கிய சங்குக்கு இரங்கல் கச்சேரி.

கரைக்கு அப்பால் அப்படி விட்டுவிடவில்லை. கடலில் நிற்கும் எண்ணெய் மேடைகள் இன்றும் 30 விநாடிக்கு ஒருமுறை மோர்ஸ் எழுத்தில் இரு குறில் ஒரு நெடில் ஊதுகின்றன, ஆபத்தை நோக்கி வருகிறாய் என்று. கப்பலின் பிரிட்ஜில் ஒரு சுவிட்சைத் திருகினால் விசில் தானாகவே இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஊதும்; மணியையும் கோங்கையும் ஒலிபெருக்கியில் போடும் கருவியும் வந்துவிட்டது. ஆனால் கையால் அடித்து எழுப்பவும் வழி இருந்தே தீர வேண்டும் என்கிறது விதி. அதனால் துறைமுகத்தில் சோதனைக்கு ஏறும் அதிகாரி, லட்சக்கணக்கில் விலைபோன ராடாரைப் பார்த்துவிட்டு, கடைசியில் கோங்கையும் அதை அடிக்கும் கட்டையையும் எடுத்துவரச் சொல்வார். கோங் அதன் இடத்தில் இருக்கும். கட்டையைத் தேடி ஒரு பையன் சமையலறைக்கு ஓடுவான். அங்கே பண்டாரி அதை வைத்து ஐஸ் உடைத்துக்கொண்டிருப்பார்.